பாரிஸ் நகரத்து மழையும் ஹற்றன் நகரத்து மழையும்



பாடசாலைச் சித்திரக் கண்காட்சி ஒன்றிலே, மாணவன் ஒருவன் பெரிய ஓவியர் ஒருவரின் படத்தைப் பார்த்து வரைந்த படத்தை வைத்தால், வருவோர் முதலிற் கேட்பது, "இது பார்த்து வரைந்ததா?" என்பதே. ஆம் என்றால், கேட்டவர் முகத்திலே மதிப்புக் குறைந்துவிடும். சொந்தமாக வரையத் தெரியாதவன்தான் பிறர் படத்தைப் பார்த்து வரைவான் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். இதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், தைல வர்ணத்தைக் கற்க விரும்பும் ஒருவன், அதிலும் திம்புள்ள போன்ற மலைப் பகுதியில் இருந்துகொண்டு கற்க விரும்பும் ஒருவன், இவ்வெண்ணத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால், அவனுக்கு ஆசிரியர் இல்லாமற் போய்விடுவார். மனிதர் நடமாடும் வீதியொன்றை உள்ளது உள்ளபடி தீட்டிய நல்ல ஓவியம் ஒன்றைப் படியெடுத்து, தைல வர்ணக் கலையை எவ்வாறு கற்கலாம், அக்கல்வி எதுவரை நமக்குக் கைகொடுக்கும் என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

முதலில் மறுதரப்பாரின் வாதத்தைக் கேட்போம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நம் நாட்டுப் பாடசாலைகளிற் சித்திரப் பாடம் என்பது, அச்சிட்ட மாதிரிப் படங்களைக் கோடு பிசகாமற் பார்த்து வரைவதாகவே இருந்தது. 1920களில் சித்திரக் கல்விக்குப் பிரதம பரிசோதகராயிருந்த சி. எஃப். வின்சர் இம்முறையை விரும்பவில்லை. குழந்தை தான் கண்டதையும் உணர்ந்ததையும் வரையட்டும் என்னும் கொள்கை அவர் வழியாகவே நம் வகுப்பறைகளுக்குள் வந்தது. யாழ்ப்பாணத்திலே எஸ். ஆர். கனகசபை 1938ஆம் ஆண்டு நிறுவிய ஓவியக் கழகத்துக்கு வின்சரின் பெயரே சூட்டப்பட்டது என்றால், அவருடைய செல்வாக்கு எத்தகையது என்பது விளங்கும். 1943இல் கொழும்பிலே ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல முதலானோர் கூடி '43 குழு'வை அமைத்தபோது, உள்ளதை உள்ளபடி தீட்டும் முறை பழமையானது என்ற கருத்து மேலும் வலுப்பெற்றது. மறுபுறத்திலே முதலியார் ஏ. சி. ஜி. எஸ். அமரசேகர, டேவிட் பெயின்ரர் போன்றோர் அம்முறையைக் கைவிடாது நின்றனர். கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயத்திலே பெயின்ரர் தீட்டிய சுவர் ஓவியங்களை நம் மாணாக்கர் ஒரு முறையேனும் காணவேண்டும். விவிலியக் கதை மாந்தரை நம் நாட்டுச் சூழலிலே, நம் நாட்டு உடலமைப்போடு நிறுத்தியிருக்கிறார். மலைநாட்டிலிருந்து ஒரு நாளிற் போய்வரக்கூடிய தூரத்தில், இத்துணைப் பெரிய அளவில், மனித உருவங்களை இத்துணைப் பயிற்சியோடு தீட்டிய படங்கள் வேறு உண்டா என்பது ஐயமே.

வின்சர் ஒழிக்க முயன்றது ஒழியவேண்டியதே. ஆனால், கோடு பிசகாமல் வரைந்து புள்ளி பெறுவது வேறு. ஓவியன் ஒருவன் எதை முதலில் நினைத்தான், எதை விட்டான், எங்கே அவசரப்பட்டான், எங்கே நிதானித்தான் என்பதை அவன் படத்தைக்கொண்டே துருவி அறிவது வேறு. சங்கீதம் பயில்வோன் முதல் நாளே இராக ஆலாபனையில் இறங்குவதில்லை. முன்னோர் அமைத்த கீதத்தையும் வர்ணத்தையும் பல்லாண்டு பாடுகிறான். அவனைப் பார்த்து, "இது பார்த்துப் பாடியதா?" என்று எவரும் கேட்பதில்லை!

தைல வர்ணத்துக்கு ஆசிரியர் கிடைப்பது என்றுமே எளிதாயிருந்ததில்லை. இராஜா இரவிவர்மாவின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1848ஆம் ஆண்டிலே கிளிமானூரிற் பிறந்த அவர், இளம் வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். அங்கே தைல வர்ணம் அறிந்த ஓவியராயிருந்தவர் இராமசாமி நாயக்கர். அவர் இந்த இளைஞருக்குத் தம் வித்தையைக் கற்பிக்க மறுத்துவிட்டார். அவருடைய மாணாக்கர் ஆறுமுகம்பிள்ளை என்பவரே மறைவாகச் சில நுட்பங்களைச் சொல்லிக்கொடுத்தார் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். 1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் கற்பிக்கவில்லை, தாம் தீட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்கமட்டும் இரவிவர்மாவுக்கு இடங்கொடுத்தார். எஞ்சியதையெல்லாம் இரவிவர்மா தாமே செய்து பார்த்து, தவறினால் திரும்பச் செய்து கற்றுக்கொண்டார். அரண்மனையில் இருந்தவருக்கே இந்தப் பாடு என்றால், தோட்டத்து லயத்திலிருந்து படிக்கவரும் பிள்ளைக்கு எப்படியிருக்கும்? பாடசாலையிலே நம் மாணாக்கர் கையாள்வது பெரும்பாலும் நீர் வர்ணமும் போஸ்டர் வர்ணமும் பாஸ்டலுமே. தைல வர்ணத்தை முறையாகக் கற்கவேண்டுமானால் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு என்று பல்கலைக்கழகக் கல்விக்குப் போகவேண்டும். அதுவரை காத்திருக்க முடியாதவனுக்கு ஒரு நல்ல அச்சுப் படமே குருவாகிறது.

குருவைத் தேர்வதிலேதான் சூட்சுமம் இருக்கிறது. நான் பரிந்துரைக்கும் படம், இரவிவர்மா பிறந்த அதே 1848ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரிற் பிறந்த கஸ்தாவ் கைபொத் என்னும் ஓவியர் தீட்டியது. 'பாரிஸ் வீதி: மழை நாள்' என்பது அதன் பெயர். 1877இல் முடிக்கப்பெற்று, அவ்வாண்டே இம்பிரஷனிச ஓவியர்களின் மூன்றாவது கண்காட்சியில் வைக்கப்பட்டது. 1964 முதல் அமெரிக்காவிலுள்ள சிக்காகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 212 சென்ரிமீற்றர் உயரமும் 276 சென்ரிமீற்றர் அகலமும் உடைய பெரிய படம். அக்கலைக்கூடத்தின் இணையத்தளத்திலே மிகத் தெளிவான பிரதியை எவரும் இலவசமாகப் பெறலாம்; கைத்தொலைபேசி உள்ள வீடெல்லாம் இப்போது ஓவியக்கூடமே.

படத்தைக் காணாத நேயர்களுக்காகச் சிறிது வருணிக்கிறேன். படத்தின் நடுவே ஒரு விளக்குக் கம்பம் செங்குத்தாக நின்று படத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வலப்புறம் நடைபாதையிலே, தொப்பியணிந்த ஒருவரும் அவர் கையைப் பற்றிய பெண்மணியும் ஒரே குடையின் கீழ் நம்மை நோக்கி வருகின்றனர். ஆனால் அவர்கள் நம்மைப் பார்க்கவில்லை. பார்வை வேறெங்கோ இருக்கிறது. வலது ஓரத்தில் இன்னொருவர் முதுகைக் காட்டியபடி அவர்களை நோக்கிப் போகிறார். அவர் உடலிற் பாதியைப் படத்தின் விளிம்பு வெட்டிவிட்டது. இரு குடைகளும் மோதாமலிருக்க ஒன்று சற்றுச் சாயவேண்டும். இடப்புறம் பரந்த நாற்சந்தி. கல் பதித்த தரை நனைந்து பளபளக்கிறது. குடை பிடித்தவர்கள் ஆளுக்கொரு திசையிற் கடக்கின்றனர். அப்பால், கூரிய முனையோடு ஒரு மாடிக் கட்டிடம், அதன் இருமருங்கிலும் தூரத்தே ஓடி மறையும் வீதிகள்.

மழை நாள் என்று பெயர். ஆனால் படத்திலே ஒரு மழைத்துளியைக்கூடக் காணமுடியாது! நம் பிள்ளைகள் மழையை வரையச் சொன்னால், சாய்கோடுகளை இழுத்துத் தாளை நிரப்புவர். கைபொத் ஒரு கோடும் இழுக்கவில்லை. குடைகளும், கல்லிடுக்கின் ஈரப் பளபளப்பும், சாம்பல் படிந்த ஒளியுமே மழையைச் சொல்லிவிடுகின்றன. திம்புள்ளயின் தூறலை அறிந்தவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வர். நம் மழையும் பல நாட்களில் கண்ணுக்குத் தெரிவதில்லை. சட்டை நனைந்த பின்பே தெரிகிறது.

இனிச் செயல்முறை. இருபத்தாறு அங்குல அகலமும் இருபது அங்குல உயரமும் உள்ள கித்தானையோ ஹாட்போட் பலகையையோ எடுத்துக்கொள்ளலாம். மூலப்படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் இதனால் கெடாது. வெறுந்துணியில் நேரே எண்ணெய் பட்டால் துணி நாளடைவில் இற்றுப்போகும்; ஆகையால் வெள்ளை அடிப்பூச்சு இரண்டு முறையேனும் பூசி உலரவிடவேண்டும். பின்பு இரண்டங்குலச் சதுரங்களாகப் பிரித்தால் குறுக்கே பதின்மூன்றும் நெடுக்கே பத்துமாக நூற்றுமுப்பது கட்டங்கள் வரும். அச்சுப் படத்தையும் அவ்வாறே பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் கோடுகளை மாற்றவேண்டும். இதிலே கேவலம் ஒன்றுமில்லை. கைபொத் தாமே அளவுகோல் வைத்து வீதியின் கோடுகளைத் தனியே வரைந்தார். உருவங்களையும் குடைகளையும் தனித்தனித் தாள்களிற் பழகினார். சிறிய தைல வர்ணப் படம் ஒன்றையும் செய்து பார்த்த பின்பே பெரிய கித்தானுக்கு வந்தார்.

கோடு முடிந்ததும் கற்போன் கை எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெண்மணியின் காதிலே மின்னும் தோட்டை வரையப் போகும்! அதைத் தடுப்பதே ஆசிரியரின் முதல் வேலை. தோடு கடைசி நாளுக்குரியது. முதல் நாள், பழுப்பு அம்பர் வர்ணத்தை டேர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, இருண்ட இடம், இடைப்பட்ட இடம், ஒளியுள்ள இடம் என்று மூன்றாக மட்டும் படத்தைப் பிரிக்கவேண்டும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மூலத்தைப் பார்த்தால் இப்பிரிவு தானே தெரியும். இந்தப் பழுப்புப் படத்தைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தபோது வீதி வீதியாகத் தோன்றினால், பாதி வேலை முடிந்தது. தோன்றாவிட்டால், எத்தனை அழகான தோடு போட்டும் பயனில்லை.

தைல வர்ணம் நீர் வர்ணத்தைப் போல உலர்வதன்று. நீர் ஆவியாகிப் போகிறது. ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று இறுகுகிறது. ஆகையால் அடிப்படைகளில் எண்ணெய் குறைவாகவும் மேற்படைகளில் கூடுதலாகவும் இருக்கவேண்டும். மாறினால், மேற்பகுதி முதலில் இறுகி, அடிப்பகுதி பின்னர் இறுகும்போது வெடிப்பு விழும். மலைநாட்டுக் குளிரிலும் ஈரத்திலும் உலர்வதற்கு இன்னும் காலம் பிடிக்கும், பொறுமை வேண்டும். இன்னொன்றையும் இங்கே சொல்லிவைக்கிறேன், பாடசாலை நடத்துவோர் கவனிக்கவேண்டும்: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தைகளைச் சுருட்டி மூலையிற் போட்டால், அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்தவேண்டும், அல்லது நீரில் ஊறவைத்து மூடியுள்ள தகர டப்பாவிற் போடவேண்டும். டேர்பன்டைன் புழங்கும் அறையின் சன்னல்கள் திறந்திருக்கவேண்டும்.

வர்ணங்கள் ஐந்து போதும்: வெள்ளை, மஞ்சட்காவி, சுட்ட செங்காவி, பழுப்பு அம்பர், அல்ட்ராமரீன் நீலம். கறுப்பு வேண்டாம். நீலத்தையும் அம்பரையும் கலந்தால் கறுப்புக்கு நிகரான இருள் வரும். அதில் வெள்ளை சேர்த்தால் சாம்பல் நிறம். நீலம் மிகுந்தால் குளிர்ந்த சாம்பல். அம்பர் மிகுந்தால் வெதுவெதுப்பான சாம்பல். இப்படத்தின் தரை முழுவதும் இவ்விரண்டு சாம்பல்களின் உரையாடலே. நனைந்த தரையிலே கற்போர் அடிக்கடி மயங்கும் இடம் ஒன்றுண்டு. நிழல் வேறு, பிரதிபலிப்பு வேறு. நிழல் ஒளி வரும் திசைக்கேற்பச் சாயும். மேகமூட்டத்தில் ஏறக்குறைய இல்லாமலே போகும். பிரதிபலிப்போ நிற்கும் பொருளுக்கு நேர் கீழே நம்மை நோக்கி இறங்கும். விளக்குக் கம்பத்தின் அடியை நான்கு நாள் பார்த்துத் தீட்டினால் இது கைக்குப் புரிந்துவிடும்; வாயாற் சொல்லி விளக்குவது கடினம்.

தூரத்து உருவங்களைத் தீட்டும்போது கற்பவன் ஓர் உண்மையைக் காண்பான். அருகே உள்ளவரின் மீசை தெரிகிறது. நாற்சந்தியின் அப்பாலுள்ளவர் நாலைந்து தூரிகைத் தீற்றல்களே. ஆயினும் அவர் அவசரமாகப் போகிறாரா, ஆறுதலாகப் போகிறாரா என்பது தெரிகிறது. எவ்வாறு? தோளின் சாய்வும் குடையின் கோணமும் காலடிகளுக்கிடையே உள்ள வெளியுமே காரணம். முகம் வேண்டியதில்லை.

அச்சுப் படத்தை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன் சிக்காகோவில் இப்படத்தின் மேலிருந்த பழைய வார்னிஷை அகற்றித் துப்புரவு செய்தார்கள். அதுவரை மங்கிய மஞ்சளாகத் தெரிந்த வானம், வெளிறிக் குளிர்ந்த ஒளியோடு வெளிப்பட்டது. அதற்கு முன் அச்சான பிரதியைப் பார்த்துப் படியெடுத்தவர்கள் எல்லாரும் கைபொத்தின் வானத்தையன்று, வார்னிஷின் மஞ்சளையே படியெடுத்தார்கள்! வான் கோவோ 1889, 1890ஆம் ஆண்டுகளில் சான்-ரெமி மருத்துவ நிலையத்தில் இருந்தபோது, மில்லே என்னும் ஓவியரின் படங்களை நிறமற்ற அச்சுப் பிரதிகளிலிருந்து படியெடுத்து, நிறங்களைத் தாமே அமைத்துக்கொண்டார். ஆகவே கோடும் ஒளியிருளும் மூலத்திலிருந்து வரட்டும். நிறத்தில் ஐயம் வந்தால் சன்னலைத் திறந்து நம் வானத்தைப் பார்ப்பதே மேல். பாரிஸ் லூவர் கலைக்கூடத்திலே படியெடுப்போருக்கு இன்றும் அனுமதி தருகிறார்கள். ஆனால் மூலத்தின் அளவிலேயே படியெடுக்கக்கூடாது, ஓவியரின் கையொப்பத்தையும் இடக்கூடாது. நாமும் படத்தின் பின்புறம் 'கைபொத்தின் ஓவியத்தைப் பார்த்துத் தீட்டியது' என்று எழுதி நாளையும் குறித்துவிட்டால், கண்காட்சியில் அந்தக் கேள்விக்கே இடமிராது.

பழத்தட்டையும் பூச்சாடியையும் விட்டுவிட்டு வீதிக் காட்சியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மலையகத் தமிழரைப் பற்றிய படங்கள் நூறாண்டுக்கு மேலாக உலகெங்கும் போயிருக்கின்றன. பிளேட் கம்பனியாரின் அஞ்சலட்டைகள் முதல் இன்றைய தேயிலைப் பெட்டிகள் வரை எதைப் பார்த்தாலும், கூடை சுமந்த ஒரு பெண் கொழுந்தோடு நிற்கிறாள். படமெடுப்பவரைப் பார்த்துச் சிரிக்கவும் சிரிக்கிறாள். பச்சை மலை அவளுக்குப் பின்னே திரைபோலத் தொங்குகிறது. அவள் ஞாயிற்றுக்கிழமை ஹற்றனுக்கு வந்து, பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கி, மருந்துக்கடையில் விலை கேட்டு, பஸ்ஸுக்கு ஓடுவதை எந்த அஞ்சலட்டையும் காட்டியதில்லை. கைபொத்தின் படத்திலே எவரும் நமக்காக நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் போகவேண்டிய இடம் ஒன்றிருக்கிறது. அவர்களைப் படியெடுக்கும் மாணவன், மனிதரை அவரவர் அலுவலோடு தீட்டும் வழியைக் கற்கிறான். பிறகு அவன் தன் தாயை ஹற்றன் வீதியில் நிறுத்தும்போது, கூடையைத் தேடமாட்டான்.

அப்படி நிறுத்தப் போகும்போதுதான் பாரிஸ் நகரம் கைவிடும். எப்படியெனில், பாரிஸின் அந்த நாற்சந்தி சமதரை. சமதரையிலே ஒத்த உயரமுள்ள மனிதர்கள் எவ்வளவு தூரத்தில் நின்றாலும், பார்ப்பவனின் கண்மட்டக் கோடு அவர்கள் உடலை ஒரே இடத்திலே வெட்டும். அருகில் நிற்பவரின் மார்பை வெட்டினால், தூரத்தில் நிற்பவரின் மார்பையும் வெட்டும். படியெடுத்தவன் கையிலே இவ்விதி ஊறியிருக்கும். அந்த விதியோடு அவன் ஹற்றன் புகையிரத நிலையத்திலிருந்து ஏறும் சரிவிலோ, தலவாக்கலையின் இறக்கத்திலோ போய் நின்றால், உருவங்கள் எல்லாம் தரையில் நில்லாமல் மிதக்கும். நம் வீதிகளிற் சமதரை அரிது. இறக்கத்திற் போகின்றவர் தூரம் செல்லச் செல்லக் கண்மட்டக் கோட்டுக்குக் கீழே அமிழ்ந்துபோவார். கோடு அவர் தலைக்கு மேலே நிற்கும். ஏற்றத்தில் வருபவரோ கோட்டுக்கு மேலே உயர்வார். அவர் காலே கோட்டைத் தொடக்கூடும். வீதியின் இரு ஓரங்களும் இறக்கத்திலே கண்மட்டத்துக்குக் கீழும், ஏற்றத்திலே அதற்கு மேலும் சென்று கூடும். ஆனால் கடைகளின் கதவு நிலைகளும் தகரக் கூரைகளின் விளிம்புகளும் மட்டம் பார்த்துக் கட்டப்பட்டவை. அவை வீதி எப்படிச் சரிந்தாலும் கண்மட்டக் கோட்டிலேயே போய்க் கூடும். ஆகையால்தான் நம் கடைவரிசையின் கூரைகள் படிக்கட்டுப் போல ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. சரிவு சரிவாகத் தெரிவதும் இந்தப் படிகளாலேயே.

நிறமும் வேறு. பாரிஸ் வீதி சாம்பலும் பழுப்பும் கறுப்புமாய் அடங்கியிருக்கிறது. நம் வீதியிலே சிவப்பு முச்சக்கர வண்டி, மஞ்சட் பெயர்ப்பலகை, பூப்போட்ட குடை, புடைவைக் கடையின் தொங்கல்கள். இவையெல்லாவற்றையும் குழாயிலிருந்து வந்தபடியே அப்பினால் மழை நின்றுவிடும். ஒவ்வொரு நிறத்திலும் தரையின் சாம்பலை ஒரு துளி சேர்க்கவேண்டும். நனைந்த தாரிலே விழும் அதன் பிரதிபலிப்பை இன்னும் சற்று மங்கலாக்கவேண்டும். மூடுபனி இறங்கினால் தூரத்து மலையை வரைய முயலாமல் விட்டுவிடுவதே சரி. கைபொத்தும் தூரத்துக் கட்டிடங்களைப் பெரும்பாலும் ஒளியிலே கரைத்துத்தான் விட்டார்.

முதன்முறை ஐந்து உருவங்களுக்கு மேல் வேண்டாம். ஒருவரைப் படத்தின் விளிம்பு வெட்டட்டும். ஒருவர் முதுகைக் காட்டட்டும். வைகாசி தொடங்கித் தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் மாதிரிக்குப் பஞ்சமிராது. கடைத் தாழ்வாரத்தில் நின்று பென்சிலாற் குறித்துக்கொண்டு வந்து, வீட்டிலே தீட்டலாம். அம்மாதங்களில் வர்ணம் காய்வதற்கு ஒரு கிழமைக்கு மேலும் ஆகும். காயும்வரை தூசிக்குப் பயந்து படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்போர் உண்டு. அலுமாரிக்குள் பூட்டி வைப்போரும் உண்டு. இரண்டும் வேண்டாம். இருளில் இருந்தால் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளிக்கும். வெயில் நேரே படாத, பகல் வெளிச்சம் வரும் சுவரிலே மாட்டிவிடுங்கள்.